டிரிகர் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிளாஷைச் சரிசெய்வது எப்படி

கல்யாணத்தில் திரும்ப எடுக்கவே முடியாத படங்கள் சில உண்டு. தாலி கட்டும் நேரம் அதில் முதலாவது. கெட்டிமேளம் ஆரம்பித்து மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஸ்டாண்டில் இருக்கும் பிளாஷ் அடிக்காமல் நின்றால், கை தானாக எல்லா பட்டனையும் அழுத்தத் தொடங்கும். சேனலை மாற்றுவோம், குரூப்பை மாற்றுவோம், செல்லைக் கழற்றி மாட்டுவோம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் முதலில் இருந்த கோளாறு அப்படியே இருக்கும், கூடவே நாம் உண்டாக்கிய புதுக் கோளாறும் சேர்ந்திருக்கும்.

எதையும் தொடுமுன் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்தக் குறிப்பு முழுக்க அதைத்தான் சொல்கிறது. மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று மும்பையில் நம்மவர் விசேஷங்களை எடுக்கும் தம்பிகள் என்னிடம் போனில் கேட்பவையே பெரும்பாலும் இதில் இருக்கின்றன. பலர் கையில் இருப்பது கோடாக்ஸ் என்பதால் மெனுப் பெயர்களை அதிலிருந்து சொல்கிறேன். மற்ற கம்பெனிகளில் பெயர் மாறும், வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

முதலில் டெஸ்ட் பட்டன்

டிரிகர் என்பது கேமரா மேல் மாட்டி, ஸ்டாண்டில் இருக்கும் பிளாஷை ரேடியோ சிக்னலால் அடிக்கவைக்கும் சிறு கருவி. அதைக் கேமராவிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஷிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள்.

பிளாஷ் அடித்தால் ரேடியோ, சேனல், குரூப், பேட்டரி எல்லாம் சரி. கோளாறு கேமராவுக்கும் டிரிகருக்கும் நடுவில். இனி பிளாஷைத் தொடவே வேண்டாம்.

அடிக்காவிட்டால் கேமராவை மறந்துவிடுங்கள். ஷட்டர் ஸ்பீடையோ கேமரா மெனுவையோ எவ்வளவு மாற்றினாலும் பலன் இல்லை. கோளாறு டிரிகருக்கும் பிளாஷுக்கும் நடுவில் இருக்கிறது.

கழற்றிச் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. கேமராவில் மாட்டியபடி அழுத்தினால், கேமரா தூங்கிப்போயிருப்பதும் ஹாட் ஷூவில், அதாவது கேமரா மேல் பிளாஷோ டிரிகரோ மாட்டும் இடத்தில், சரியாக உட்காததும் சேர்ந்து குழப்பும்.

டெஸ்ட் பட்டனுக்கும் அடிக்கவில்லை

பிளாஷின் திரையைப் பாருங்கள். ரேடியோ ரிசீவராக இருக்கிறதா? வயர்லெஸ் பட்டனை ஒருமுறை கூடுதலாக அழுத்திவிட்டால் ரேடியோவிலிருந்து ஒளியால் இயங்கும் முறைக்குப் போய்விடும், அல்லது அந்த பிளாஷே டிரிகராக மாறி நிற்கும். கோடாக்ஸ் டிடி685, வி860 மார்க் 2 போன்றவற்றில் திரை ஆரஞ்சாக இருந்தால் ரிசீவர், பச்சையாக இருந்தால் டிரான்ஸ்மிட்டர். தூரத்திலிருந்தே நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஸ்டாண்ட் பிடிக்கும் பையனுக்கு இதை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டால், "அண்ணே, ரெண்டாவது லைட்டு பச்சையா இருக்கு" என்று அவனே குரல் கொடுப்பான்.

அடுத்து சேனல், அதாவது டிரிகரும் பிளாஷும் பேசிக்கொள்ளும் ரேடியோ வழியின் எண். கோடாக்ஸில் 1 முதல் 32 வரை. டிரிகரிலும் ஒவ்வொரு பிளாஷிலும் ஒரே எண் இருக்க வேண்டும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், ஐடியைப் பார்ப்பதில்லை. ஐடி என்ற அடையாள எண் 1 முதல் 99 வரை தனியாக இருக்கிறது. சேனல் பொருந்தி ஐடி பொருந்தாவிட்டால் பிளாஷ் அசையாது. டிரிகரில் ஐடி 20 வைத்து, பிளாஷில் ஆஃப் ஆக இருந்தாலும் அப்படித்தான். சில பழைய மாடல்களில் ஐடி வசதியே கிடையாது. அந்த மாதிரி ஒன்று உங்கள் செட்டில் இருந்தால் எல்லாவற்றிலும் ஐடியை ஆஃப் செய்துவிட்டுச் சேனலை மட்டும் நம்ப வேண்டியதுதான்.

பிறகு குரூப், அதாவது பிளாஷ்களைத் தனித்தனியே இயக்க ஏ, பி, சி என்று பிரித்து வைக்கும் பிரிவு. பிளாஷ் 'பி'யில் இருக்கும், டிரிகரில் 'பி' அணைந்திருக்கும். திரையில் பவர் எண்ணுக்குப் பதிலாகக் கோடு தெரிந்தால் அந்த குரூப் ஆஃப் என்று பொருள். பையில் வைத்து எடுக்கும்போது பட்டன் அழுந்தி இது அடிக்கடி நடக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்தும் அடிக்கவில்லையா? டிரிகரின் செல்லை மாற்றுங்கள். லோக்கல் டிரெயினில் நெரிசலில் வரும்போது பைக்குள் சுவிட்ச் நகர்ந்து ஆன் ஆகிவிடும். மண்டபத்துக்கு வரும்போதே செல் இறங்கியிருக்கும். திரை எரிகிறது என்பதால் செல் நன்றாக இருக்கிறது என்று எண்ணாதீர்கள். திரைக்குப் போதுமான மின்சாரம் ரேடியோ சிக்னலுக்குப் போதாமல் போகலாம்.

இரண்டு கம்பெனிப் பொருளைக் கலந்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெட்டியிலும் அச்சிட்டிருந்தாலும், ஒரு கம்பெனி டிரிகர் இன்னொரு கம்பெனி ரிசீவரோடு பேசாது. ஒரே அலைவரிசை, வேறு வேறு மொழி. ஆனால் கோடாக்ஸுக்குள்ளேயே கேனான் பிளாஷை நிக்கான் டிரிகரை வைத்து அடிக்கலாம். ரிசீவராக நிற்கும் பிளாஷுக்குக் கேமரா எந்தக் கம்பெனி என்பது பொருட்டல்ல, டிரிகர்தான் கேமராவுக்குப் பொருந்த வேண்டும்.

டெஸ்டுக்கு அடிக்கிறது, ஷட்டருக்கு அடிக்கவில்லை

இது கேமரா பக்கம். முதலில் டிரிகரை ஹாட் ஷூவில் கடைசிவரை தள்ளி, பூட்டைத் திருகுங்கள். ஒரு மில்லிமீட்டர் பின்னால் நின்றாலும் புள்ளிகள் பொருந்தாது. சோனியின் ஷூவில் தொடுபுள்ளிகள் முன்பக்கம் உள்ளே வரிசையாக, மிகச் சிறியதாக இருக்கும். அங்கே தூசி அடைந்தாலே போதும்.

அடுத்து சைலன்ட் ஷட்டர். இன்றைக்கு வரும் அழைப்புகளில் இதுதான் அதிகம். ஹோமம் நடக்கும்போது சத்தம் வேண்டாமென்று எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றியிருப்போம், திருப்பி மாற்ற மறந்திருப்போம். பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்கள் அந்த நிலையில் பிளாஷுக்குச் சிக்னலே அனுப்பாது. மெக்கானிக்கல் ஷட்டருக்கோ முதல் திரை மட்டும் எலக்ட்ரானிக் ஆக இருக்கும் முறைக்கோ வந்துவிடுங்கள். பழைய கேனான் டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூவில் எடுப்பவர்கள், சைலன்ட் எல்வி என்ற மெனு ஆன் ஆக இருந்தால் அதை அணையுங்கள். அது ஆன் ஆக இருக்கும்வரை வேற்றுக் கம்பெனி பிளாஷ் அடிக்காது. எச்டிஆர் முறையும் பல கேமராக்களில் பிளாஷை நிறுத்திவிடும்.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 போன்ற கேமராக்களோடு வருகிறார்கள். இவற்றின் ஹாட் ஷூவை உற்றுப் பாருங்கள். நடுவில் இருக்க வேண்டிய பெரிய வட்டப்புள்ளி இல்லாமல் வந்த கேமராக்கள் இவை. சுற்றியுள்ள சிறு புள்ளிகள் மட்டும் இருக்கும். ஒற்றைப் புள்ளியோடு வரும் மலிவு டிரிகர் எதுவும் இதில் வேலை செய்யாது, எத்தனை மாற்றி வாங்கினாலும் செய்யாது. கேனானுக்கென்றே செய்த டிடிஎல் (கேமராவே அளந்து பிளாஷ் பவரை முடிவுசெய்யும் முறை) டிரிகர்தான் வேண்டும், அதிலும் உங்கள் மாடல் பெயர் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, அதன் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொண்டு பயன்படுத்த வேண்டும். மும்பைக் கோட்டை (ஃபோர்ட்) பகுதியில் போரா பஜார் பக்கம் வாங்கப் போகிறீர்கள் என்றால் கேமராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். நடுப்புள்ளி இல்லாத கேமராவைக் குறை சொல்லி அழும் தம்பிக்கு நான் சொல்வது, கேமரா கெடவில்லை, டிரிகரும் கெடவில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று செய்யப்பட்டவை அல்ல, அவ்வளவுதான்.

கண்ணுக்கு அடிக்கிறது, படத்தில் வெளிச்சம் இல்லை

ஆளைக் குழப்பும் கோளாறு இது. எல்லோரும் பிளாஷ் அடித்ததைப் பார்த்திருப்பார்கள், படம் இருட்டாக இருக்கும். பிளாஷ் அடித்த நேரமும் ஷட்டர் திறந்த நேரமும் வேறு வேறு என்பதுதான் விஷயம்.

பெரும்பாலும் காரணம் முன்பிளாஷ். டிடிஎல் முறையில் கேமரா முதலில் ஒரு சின்ன பிளாஷை அடித்து வெளிச்சத்தை அளக்கும், பிறகுதான் உண்மையான பிளாஷ். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. ஸ்டாண்டில் உள்ள பிளாஷ் ரேடியோவில் இல்லாமல் எஸ்1 என்ற ஒளிமுறையில் இருந்தால், முன்பிளாஷைப் பார்த்ததும் முந்திக்கொண்டு அடித்துவிடும். ஷட்டர் திறக்கும்போது அது காலி. எஸ்2 முறை முன்பிளாஷை விட்டுவிட்டு அடுத்ததற்கு அடிக்கும். கேமரா மேல் உள்ள பிளாஷை மேனுவலுக்கு மாற்றினால் எஸ்1-ம் சரியாக வேலை செய்யும். இரண்டில் எது சரி என்று தேடுவதைவிட, ஸ்டாண்ட் பிளாஷை ரேடியோவுக்குக் கொண்டுவருவதே உத்தமம்.

வேறு வழியாகவும் இது நடக்கும். ஷட்டர் ஸ்பீடு எல்லையைத் தாண்டி மிக அதிகமாக இருந்தால் படம் முழுக்க இருட்டாகலாம். அது அடுத்த அறிகுறியின் முற்றிய வடிவம்.

படத்தில் கறுப்புப் பட்டை

ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. முதல் திரை திறக்கிறது, இரண்டாவது திரை மூடுகிறது. வேகம் கூடக் கூட முதல் திரை முழுக்கத் திறப்பதற்குள்ளேயே இரண்டாவது திரை மூடத் தொடங்கிவிடும். சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கடைசி வேகம்தான் சின்க் ஸ்பீடு. கேனான் 5டி மார்க் 4, நிக்கான் டி750 இரண்டுக்கும் அது 1/200. நிக்கான் டி850, சோனி ஏ7 மார்க் 3 இரண்டுக்கும் 1/250. கேனான் 6டி மார்க் 2-க்கு 1/180. உங்கள் கேமராவின் எண்ணை மனப்பாடமாக வைத்திருங்கள். 2023-ல் சோனி அறிவித்த ஏ9 மார்க் 3 சென்சார் முழுவதையும் ஒரே நேரத்தில் படிப்பதால் அதில் இந்தப் பட்டைப் பிரச்சினையே இல்லை. அது நம்மில் எத்தனை பேர் கைக்கு வரும் என்பது வேறு.

பட்டை எப்படி இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது.

கீழ்ப்பக்கம் ஒரே ஒரு பட்டை, ஓரம் ஓரளவு நேராக: சின்க் ஸ்பீடைத் தாண்டிவிட்டீர்கள். கேமராவை நிமிர்த்தி எடுத்தால் அதே பட்டை பக்கவாட்டில் வரும். ஷட்டரை ஒரு படி குறையுங்கள். கேமரா புத்தகத்தில் 1/200 என்று போட்டிருந்தும் 1/200-லேயே மெல்லிய பட்டை வந்தால் டிரிகரின் தாமதம் அது. சிக்னல் போய்ச் சேர எடுக்கும் சிறு நேரம் மலிவு டிரிகர்களில் கொஞ்சம் அதிகம். 1/160 வைத்தால் போய்விடும். மண்டபத்துக்குள் 1/160-க்கும் 1/200-க்கும் உள்ள வித்தியாசத்தால் எதுவும் குடிமுழுகாது, நான் உள்ளே எப்போதும் 1/160-தான்.

கீழே போகப் போக மெதுவாக இருள்கிறது, கோடு இல்லை: பிளாஷ் முழு பவரில் அடிக்கிறது. முழு பவரில் வெளிச்சம் அணைய நேரம் எடுக்கும், அதன் வால் பகுதியை இரண்டாம் திரை மறைக்கிறது. பவரைப் பாதியாக்கி ஐஎஸ்ஓவை ஒரு படி ஏற்றுங்கள்.

படம் முழுக்க வரிவரியாகப் பல பட்டைகள்: டிரிகரில் கோளாறே இல்லை. மேடைக்குப் பின்னால் நிற்கும் எல்இடி சுவரோ, அலங்கார எல்இடி விளக்குகளோ மின்னுகின்றன. டிரிகரை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள், வரி அப்படியே இருக்கும். ஷட்டரை 1/100-க்கோ 1/50-க்கோ இறக்கிப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் நேரடியாக எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும் என்பதால் இந்த வேகங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். எல்இடி சுவர் தன் கணக்கில் மின்னுவது, அதற்கு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

மெரைன் டிரைவ், பேண்ட்ஸ்டாண்ட் என்று பகல் வெயிலில் ஜோடிப் படம் எடுக்கும்போது லென்ஸை முழுக்கத் திறந்து 1/1000-க்கு மேல் போக வேண்டிவரும். அதற்கு எச்எஸ்எஸ், அதாவது சின்க் ஸ்பீடைத் தாண்டியும் பிளாஷை அடிக்கவைக்கும் முறை. டிரிகரில் ஆன் செய்தால் மட்டும் போதாது. நிக்கானில் கேமரா மெனுவுக்குள் போய் சின்க் ஸ்பீடை ஆட்டோ எஃப்பி என்று முடியும் தேர்வுக்கு மாற்றினால்தான் 1/200-ஐத் தாண்டவே விடும். நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த வசதி கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எச்எஸ்எஸ் முறையில் பிளாஷ் ஒரே அடியாக அடிக்காமல் துடித்துத் துடித்து எரிவதால் வெளிச்சம் குறைந்தது இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்குக்கு, விழும். "எச்எஸ்எஸ் போட்டதும் பிளாஷ் வீக் ஆயிடுச்சு" என்று வரும் புகாருக்கு இதுதான் பதில். அது கோளாறு அல்ல. பிளாஷை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், அல்லது சாஃப்ட்பாக்ஸைக் கழற்றுங்கள்.

பிளாஷ் தானாக அடிக்கிறது

மும்பைக் கல்யாணங்களில் இது ஏன் இவ்வளவு நடக்கிறது என்று புரிந்துகொண்டால் சரிசெய்வது எளிது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு டீம், பெண் வீட்டார் ஒரு டீம், கேண்டிட் எடுக்க ஒரு டீம். ஒரு மேடைக்கு எதிரே மூன்று நான்கு டிரிகர். பாதிக்கு மேல் ஒரே கம்பெனி, பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே சேனல் 1, ஐடி ஆஃப். அவர் ஷட்டரை அழுத்தினால் உங்கள் பிளாஷும் அடிக்கும், நீங்கள் அழுத்தினால் அவருடையதும்.

இதில் தானாக அடிப்பதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இருக்கிறது. அவர் அழுத்தியபோது உங்கள் பிளாஷ் காலியாகிவிட்டது. அடுத்த நொடி நீங்கள் அழுத்தும்போது அது இன்னும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். உங்களுக்குத் தெரிவது 'அடிக்கவில்லை' என்ற அறிகுறி மட்டும்தான். செல்லை மாற்றுவீர்கள், டிரிகரைத் திட்டுவீர்கள். ஸ்டாண்ட் அருகே நிற்கும் பையனைக் கேளுங்கள், நாம் எடுக்காதபோதும் அடிக்கிறதா என்று. அடிக்கிறது என்றால் காரணம் தெரிந்துவிட்டது.

சேனலை 1-லிருந்து 2-க்கு மாற்றுவது போதாது. அடுத்தவரும் அதையே செய்வார். 20-க்கு மேல் ஏதாவது ஓர் எண்ணுக்குப் போங்கள், ஐடியும் போடுங்கள். என் யோசனை, மண்டபத்துக்குள் வந்ததும் மற்ற டீமிடம் நேரே போய்ப் பேசிவிடுவது. "பாய், ஆப்கா சேனல் கௌன்சா ஹை?" என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அவருக்கும் அதே தலைவலி. நீங்கள் 5, நான் 15, அவர் 25 என்று பிரித்துக்கொண்டால் நாள் முழுக்க நிம்மதி. அரை நிமிடப் பேச்சு அது. விலை உயர்ந்த டிரிகர் வாங்கியும் தீராத தொல்லை இதனால் தீர்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சேனலையும் ஐடியையும் மாற்றிய பிறகும் தானாக அடித்தால், பிளாஷ் எஸ்1 அல்லது எஸ்2-ல் இருக்கிறது. அந்த முறையில் யாருடைய பிளாஷைப் பார்த்தாலும் அடிக்கும், கம்பெனி வித்தியாசம் பார்க்காது. பழைய ஸ்டூடியோ லைட்டுகளில் ஸ்லேவ் என்று ஒரு பட்டன் இருக்கும், ரேடியோ ரிசீவர் மாட்டினாலும் அது தனியே விழித்திருக்கும். அதை அணைத்துவிடுங்கள்.

பக்கத்தில் அடிக்கிறது, தள்ளிப்போனால் விட்டுவிட்டு அடிக்கிறது

காலையில் காலி மண்டபத்தில் சோதித்தபோது கடைசி வரிசையிலிருந்துகூட அடித்தது. பத்து மணிக்குக் கூட்டம் நிறைந்ததும் மூன்றில் ஒன்று தவறுகிறது. டிரிகர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். உங்களுக்கும் பிளாஷுக்கும் நடுவில் அறுபது பேர் எழுந்து நின்று அட்சதை போடும்போது சிக்னல் அவர்களிடமே தங்கிவிடுகிறது. முகூர்த்த நேரத்தில் பார்த்து மோசம் போவதற்கு இதுவே முதல் காரணம், ஏனென்றால் அப்போதுதான் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்.

மருந்து உயரம். ஸ்டாண்டை ஏழெட்டு அடிக்கு ஏற்றுங்கள், தலைகளுக்கு மேல் நேர்வழி கிடைக்கும். பிளாஷ் உயர்ந்தால் வெளிச்சமும் நன்றாக விழும். அலுமினிய டிரஸ், இரும்புத் தூண், எல்இடி சுவர் இவற்றுக்குப் பின்னால் பிளாஷை ஒளித்து வைக்காதீர்கள். சாஃப்ட்பாக்ஸுக்குள் பிளாஷ் முழுவதும் புகுந்திருந்தால் அதன் வெள்ளி உட்துணி சிக்னலைத் தடுக்கும், உடல் பாகம் வெளியே இருக்கும்படி மாட்டுங்கள். கேமராவைத் தாழ்த்தி வயிற்றோடு அணைத்து எடுக்கும்போது உங்கள் உடம்பே குறுக்கே நிற்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அலைவரிசை நெரிசலும் உண்டு. வைஃபை, புளூடூத், வீடியோ டீமின் சிறு வயர்லெஸ் மைக்குகள், பல டிரோன்களின் ரிமோட், சமையல்கட்டின் மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே 2.4-ல்தான். உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கும் பகுதி அது, அதனால் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். சேனலை மாற்றும்போது ஒன்று ஒன்றாக நகராதீர்கள். வைஃபை ஒன்று அகலமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பக்கத்து எண்ணும் அதற்குள்ளேயே இருக்கும். பத்துப் பத்தாகத் தாண்டிப் பாருங்கள். புதிய டிரிகர்கள் சிலவற்றில் காலியான சேனலைத் தானே தேடித்தரும் ஸ்கேன் வசதி இருக்கிறது. கூட்டம் வந்த பிறகு அதை ஓட்டுங்கள், காலி மண்டபத்தில் ஓட்டிப் பயனில்லை.

இதற்கு நேர்மாறும் உண்டு. தூரத்தில் அடிக்கும், ஒரு கை தூரத்தில் அடிக்காது. மோதிரம், தாலி என்று நெருங்கி எடுக்கும்போது பிளாஷைக் கையில் பிடித்திருப்போம், அப்போது வரும். மிக அருகிலிருந்து வரும் பலமான சிக்னல் ரிசீவரைத் திணறடிக்கிறது. கோடாக்ஸ் டிரிகர் மெனுவில் தூரம் 1–100 மீட்டர், 0–30 மீட்டர் என்று இருக்கும். இரண்டாவதுக்கு மாற்றுங்கள்.

ஒரு படம் விட்டு ஒரு படம் அடிக்கிறது

சார்ஜ் ஆகும் நேரம். டபுள் ஏ செல்லில் ஓடும் டிடி600 முழு பவரில் திரும்ப நிரம்ப ஏறத்தாழ 2.6 வினாடி, லித்தியம் பேட்டரியில் ஓடும் வி860 மார்க் 2-க்கு ஏறத்தாழ 1.5. செல் பழசானால் இன்னும் கூடும். பவரை 1/4-க்கு இறக்கினால் தொடர்ந்து அடிக்கலாம். தொடர்ந்து முழு பவரில் அடித்துச் சூடேறி அதுவாகவே மெதுவானால் ஓய்வு கொடுப்பதைத் தவிர வழியில்லை. சூட்டில் தன்னைக் காத்துக்கொள்கிறது, அதை ஏமாற்றப் பார்க்காதீர்கள்.

பத்து நிமிடம் எடுக்காமல் இருந்துவிட்டு எடுக்கும் முதல் படம் மட்டும் தவறுகிறது என்றால் பிளாஷோ டிரிகரோ தூங்கிவிடுகிறது. தூங்கும் நேரத்தை மெனுவில் நீட்டுங்கள். ஷட்டரைப் பாதி அழுத்தி எழுப்பிவிட்டு எடுக்கும் பழக்கமும் நல்லது.

வெளிச்சம் படத்துக்குப் படம் மாறுகிறது

டிடிஎல் கணக்கு நம் கல்யாணங்களில் தடுமாறும். மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டி சட்டகத்தை நிறைத்தால் குறைத்து அடிக்கும். அரக்குக் கூறைப்புடவை நிறைத்தால் கூட்டி அடிக்கும். ஜரிகையும் நகையும் பளீரென்று திருப்பி அடித்தால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். மேடையில் மணமக்கள் உட்காரும் இடம் மாறப்போவதில்லை, ஸ்டாண்டும் நகரப்போவதில்லை. மேனுவலில் 1/8 வைத்து ஒரு படம் எடுத்து, கூட்டிக் குறைத்து நிறுத்திவிடுங்கள். கூட்டத்தோடு நகர்ந்து எடுக்கும் ஜானவாசத்துக்கும் வரவேற்பு வாசலுக்கும் டிடிஎல் வைத்துக்கொள்ளலாம்.

வ்யூஃபைண்டர் கறுப்பாக இருக்கிறது

ஸ்டூடியோவில் 1/160, எஃப்8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்ததும் மிரர்லெஸ் திரை இருண்டுவிடும். பிளாஷ் இல்லாமல் படம் எப்படி வரும் என்பதைக் கேமரா காட்டுகிறது. சோனியில் லைவ் வியூ டிஸ்ப்ளே என்பதில் செட்டிங் எஃபெக்டை ஆஃப் செய்யுங்கள், கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணையுங்கள். மற்றவற்றிலும் இதே வேலையைச் செய்யும் மெனு இருக்கும்.

மழைக்காலத்தில் மட்டும் வரும் கோளாறு

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றே ஈரம். டிரிகரின் அடியில் உள்ள புள்ளியும் ஹாட் ஷூவின் பித்தளை ஓரமும் மங்கிப்போகும். செல் அறையின் ஸ்பிரிங்கில் பச்சைப் பூச்சு படியும். அசைத்தால் அடிக்கும், விட்டால் அடிக்காது என்பது இதன் அடையாளம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை இயர்பட்ஸில் லேசாகத் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். பிடிவாதமான கறைக்குப் பென்சில் அழிரப்பரை மெல்லத் தேய்க்கலாம், தூளை ஊதித் தள்ளிவிடுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேல்பூச்சு போனால் அடுத்த மழைக்கு இன்னும் சீக்கிரம் மங்கும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். கால் மணி நேரம் மூடியே இருக்கட்டும், உள்ளே வியர்க்காது. சீசன் முடிந்ததும் அல்கலைன் செல்லை டிரிகரிலேயே விட்டு வைப்பவர்களுக்கு, ஒழுகிய செல் முழு டிரிகரையும் தின்றுவிடும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பழைய பிளாஷ் ஒன்றை அப்பா காலத்து ஸ்டூடியோவிலிருந்து எடுத்துவந்து டிரிகரில் மாட்ட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பழைய ஃபிலிம் கால பிளாஷ்கள் சிலவற்றின் கால்புள்ளியில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். டிரிகரும் போகும், நேரே மாட்டினால் கேமராவும் போகும். மல்டிமீட்டரை வைத்து அளக்காமல் எதிலும் மாட்டாதீர்கள்.

நேரமே இல்லை, மேளம் தொடங்கப்போகிறது

காரணம் தேடுவதை விட்டுவிடுங்கள். டிரிகரைக் கழற்றிப் பையில் போடுங்கள். மிச்சமிருக்கும் ஒரு பிளாஷைக் கேமரா மேலேயே மாட்டி, மேனுவலுக்குக் கொண்டுவந்து, தலையைப் பின்பக்கமாகக் கூரையை நோக்கிச் சாயுங்கள். கூரை வெள்ளையாகவும் எட்டும் உயரத்திலும் இருந்தால் ஐஎஸ்ஓ 1600, எஃப்4, 1/160, பிளாஷ் பவர் 1/4 என்று தொடங்கி ஒரு படம் எடுத்துப் பார்த்துச் சரிசெய்யலாம். கூரை மிக உயரம் என்றால் ஸ்டாண்ட் பிளாஷ்களை எஸ்1-க்கு மாற்றச் சொல்லுங்கள். உங்கள் கேமரா பிளாஷைப் பார்த்து அவை அடிக்கும். மற்ற டீம் அடிக்கும்போதும் அவை அடித்துக் காலியாகும் ஆபத்து இருக்கிறது. அதனால் ஸ்டாண்ட் பவரை 1/16-க்கு இறக்கி ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள், காலியானாலும் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும். தாலி முடிச்சுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து டெஸ்ட் பட்டனிலிருந்து தொடங்கலாம், அப்போது நேரம் கிடைக்கும்.